திங்கட்கிழமை அண்ணனும் நைனாவின் இன்ஜினும்

பிரசங்கம் கேட்டுத் திருந்தியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பிரசங்கம் செய்கிறவரையே நடுங்க வைத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் பழவேற்காட்டில் படகு இன்ஜின் மெக்கானிக். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்னவோ, ஊர் அவரைத் 'திங்கட்கிழமை' என்றுதான் கூப்பிட்டது. ஞாயிறு காலையில் போதகர் எதைச் சொன்னாலும், திங்கள் காலையில் அதைச் செய்துவிடுவார்.

அந்த ஊர்ப் பள்ளியில் ஆறு வருடம் நான் கணக்கு டீச்சர். எங்கள் சபையில் நாற்பது பேர்தான். முப்பத்தொன்பது பேர் பிரசங்கத்தைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு மீன்குழம்பு சாப்பிடப் போவோம். நாற்பதாவது ஆள் ஆபத்தானவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர், ஒருவர் காலை ஒருவர் கழுவும் தாழ்மை வேண்டும் என்று உருக்கமாகப் பேசினார். மறுநாள் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் திங்கட்கிழமை ஒரு பிளாஸ்டிக் டப், ஒரு சோப்புக் கட்டியோடு உட்கார்ந்திருந்தார். முதலில் மாட்டியது பெரிய மீசை வைத்த ஏலக்காரர்.

"யோவ், இன்னாயா பண்றே? கால வுடுயா, கூசுது!"

"கொஞ்சம் பொறுத்துக்கோப்பா. ஒரு கால் முடிஞ்சுது."

ஏலக்காரர் ஒற்றைக் காலில் சோப்பு நுரையோடு ஓட, இவர் டப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். மதியத்துக்குள் ஏழு பேர் கால் கழுவியாகிவிட்டது. நகமும் வெட்டி விடுவாரா என்று இரண்டு பேர் விசாரித்தார்கள்.

போதகர் அவரைத் தனியே கூப்பிட்டார். "அண்ணே, அது ஒரு அடையாளத்துக்குச் சொன்னது..."

"அத முன்னாடியே சொல்றதில்லயா பாஸ்டர்? நான் சோப்பு வாங்கிட்டனே!"

அதற்குப் பிறகு போதகர் ஜாக்கிரதையானார். யாரும் எதுவும் செய்ய வேண்டியிராத தலைப்பாகத் தேடி, வேதத்தில் வரும் வம்ச வரலாறுகளைப் பற்றிப் பேசினார். யார் யாரைப் பெற்றார் என்ற பட்டியல். இதில் திங்கட்கிழமை என்ன செய்துவிட முடியும்?

செய்தார். காலண்டர் தாளின் பின்புறத்தில் தன் குடும்ப வம்சத்தை எழுத உட்கார்ந்தார். தாத்தா பெயர் வந்தது. அப்பாவை அவர் நைனா என்பார்; நைனா பெயர் வந்தது. நைனாவுக்குக் கீழே தன் பெயர் வந்தது. பக்கத்தில் தம்பி பெயரை எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது.

தம்பி ஏரிக்கு அந்தப் பக்கம், ஆரம்பாக்கத்துக்குக் கிட்டே ஒரு குப்பத்தில் இருந்தார். நைனா போன பிறகு படகு யாருக்கு என்று சண்டை வந்து, அண்ணன் இன்ஜினைக் கழற்றித் தூக்கிக்கொண்டார். தம்பி படகை இழுத்துக்கொண்டு போனார். பதினோரு வருடமாக இன்ஜின் இங்கே, படகு அங்கே. பேச்சும் இல்லை.

அடுத்த ஞாயிறு காணிக்கை நேரத்தில் அவர் எழுந்து நின்றார். ஒரு கையில் காலண்டர் தாள், மறு கையில் காணிக்கையாகக் கொண்டுவந்த நண்டுப் பை.

"பாஸ்டர், தம்பி பேர எழுதணுமா, வுட்டுடலாமா?"

"எழுதணும் அண்ணே."

"எழுதிட்டா போதுமா?"

போதகர் கையிலிருந்த வேதத்தை மூடி வைத்தார். பிறகு, "போதாது. காணிக்கையை இங்கயே வெச்சுட்டு, முதல்ல போய்த் தம்பியோட சமாதானமாகணும்" என்றார், சின்னக் குரலில்.

திங்கட்கிழமை அன்றைக்குத் திங்கட்கிழமை வரைகூடக் காத்திருக்கவில்லை. பையைப் பீடத்தின் முன்னால் வைத்துவிட்டு வெளியே நடந்தார். பை சரியாகக் கட்டியிருக்கவில்லை. ஜெபத்துக்குக் கண்ணை மூடியவர்கள் நண்டு கடித்துக் கண்ணைத் திறந்தார்கள்.

அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், நீங்களும் வாங்க. அடிதடி ஆச்சுனா படிச்சவங்க ஒருத்தர் கூட கீறது நல்லது."

ஒரு படகில் இன்ஜினையும் ஏற்றிக்கொண்டு ஏரியைக் கடந்து போனோம். தம்பி வாசலுக்கே வரவில்லை. தம்பி மனைவி தண்ணீர் கொடுத்தார். கரையில் கவிழ்ந்து கிடந்த படகைத் திங்கட்கிழமை பார்த்தார், தடவினார், திரும்பினார். மறு ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு ஆள் பிடித்துப் படகை நிமிர்த்தி இன்ஜினைப் பொருத்த ஆரம்பித்தபோது, தம்பி வெளியே வந்து மனைவியிடம் சொன்னார்:

"அந்தாளுகிட்ட சொல்லு, போல்ட்ட கோணலா முடுக்குறாருனு."

"அவன்கிட்ட சொல்லும்மா, நைனா காலத்துலேர்ந்தே அது கோணல்தான்னு."

படகைத் தண்ணீரில் தள்ளினார்கள். கயிற்றை ஏழு தடவை இழுத்த பிறகு இன்ஜின் இருமி, புகைந்து, பிடித்துக்கொண்டது. தம்பி தாவி ஏறி உட்கார்ந்தார். கரையில் எண்ணெய்க் கையோடு நின்ற அண்ணனைப் பார்க்காமல் ஒரே வார்த்தை சொன்னார்.

"ஏறு."

அண்ணன் ஏறினார். கரையில் நாங்கள் மூன்று பெண்கள் அழுதோம்.

இன்ஜினுக்கு ஒரு ஆள், படகுக்கு ஒரு ஆள் என்று அந்தக் குப்பத்துக்கே அவர் குடிபோய்விட்டார். "இப்போ நான் எதை வேணும்னாலும் பிரசங்கிக்கலாம் டீச்சர்" என்றார் போதகர். "பிரசங்கிக்கத்தான் பிடிக்கல."

எனக்கும் சென்னைக்கு மாற்றல் வந்தது. இங்கே பெரிய சபை. ஏசி, அகலத் திரை, மெத்தை நாற்காலி. போனில் குறிப்பெடுக்கிறோம். "அருமையான செய்தி பாஸ்டர்" என்று கைகுலுக்கிவிட்டுப் பிரியாணிக்குப் போகிறோம். நானும்தான்.

போன பொங்கல் லீவில் திங்கட்கிழமை அண்ணனைப் பார்த்துவிட்டு வரப் போனேன். அண்ணனும் தம்பியும் வலையைப் பற்றி, காற்றைப் பற்றி, குழம்பில் உப்பைப் பற்றி ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பதினோரு வருடப் பாக்கியாம். நான் புறப்பட்டபோது அண்ணன் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று கையாட்டினார். படகு அக்கரை சேரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்ததில் என் கழுத்து சுளுக்கிக்கொண்டது. வீட்டுக்கு வந்தும் நாலு நாள் வலித்தது. தைலம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அந்த வலியும் போய்விடுமே என்று தேய்க்க மனசு வரவில்லை.