ஓடிபியின் பைக் சாவி

நடந்தது இதுதான்:

1. போன வருஷம் ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் ஊரில் பாதிப் பேர் சாமான் வாங்கிக்கொண்டிருந்த மஞ்சள் நிறச் செயலி திறக்கவில்லை.
2. வாடிக்கையாளர் சேவை எண்ணில் பாட்டு மட்டும் வந்தது. மதியத்துக்கு மேல் பாட்டும் வரவில்லை.
3. அந்தக் கம்பெனி வியாபாரத்தை நிறுத்திவிட்டதாகச் சாயங்காலச் செய்தியில் சொன்னார்கள். முன்பணம் கட்டியவர்களுக்கு என்ன வழி என்று சொல்லவில்லை.
4. விளக்கு வைக்கும் நேரத்தில் பஞ்சவர்ணம் சித்தி, ஓடிபியின் பைக்கிலிருந்து சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டார்.
5. காமயகவுண்டன்பட்டி வரலாற்றில் முதல் முறையாக ஓடிபி ஓர் இடத்தில் நின்றார்.

இதில் ஐந்தாவதுதான் பெரிய செய்தி. ஓடிபியைப் போல நிற்கத் தெரியாத மனிதர் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் இதுவரை பிறந்ததில்லை. இனிப் பிறந்தாலும் அவரைப் பிடித்து நிறுத்திப் பெயர் வைக்க முடியாது.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர், எல்லாக் கம்பெனிப் பார்சலையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வரும் டெலிவரிக்காரர். தெருமுனையிலேயே "ஓடிபி" என்று குரல் கொடுப்பார். நாங்கள் வாசலுக்கு வருவதற்குள் அடுத்த வீட்டில் இருப்பார். இஞ்சினை அணைக்க மாட்டார். ஒரு கால் தரையில், ஒரு கால் பிரேக்கில். டீயை வண்டியில் உட்கார்ந்தபடியே குடிப்பார், அதுவும் பாதிதான். பெண் பார்க்கப் போன அன்றும் வாசலில் வண்டி உறுமிக்கொண்டே இருந்ததாகவும், மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, கிளம்பப் போகிறார் என்று தன் அப்பா பதறிப்போய் உடனே சம்மதம் சொல்லிவிட்டதாகவும் அவர் மனைவியே சொல்வார்.

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் மன்றாடும் அந்த நாலு எண்ணை, எங்கள் ஊர் இரண்டு திராட்சைத் தோட்டம் தாண்டிக் கேட்கும்படி கத்திச் சொல்லும். பந்தலுக்கு அடியில் வேலை செய்கிற பெண்கள் அங்கிருந்தே கூவுவார்கள். ஓடிபி இங்கிருந்தே கைப்பேசியில் தட்டிவிட்டுப் பார்சலை வரப்பில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒருமுறை வங்கியிலிருந்து ஓர் அம்மா வந்து மோசடி விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினார். "ஓடிபியை யார்கிட்ட சொல்லலாம்?" என்று கேட்டார். "ஓடிபிக்கிட்ட மட்டும்" என்று கூட்டமே பதில் சொன்னது. அந்த அம்மாவுக்குப் புரியவைக்க யாரும் முயலவில்லை.

ஓடிபிக்கு உலகத்தில் ஒரே எதிரி சில்லறை. பொருள் வந்த பிறகு காசு கொடுக்கும் வாடிக்கையாளர் உள்ளே போய் அஞ்சறைப்பெட்டியைத் துழாவும் நேரம் அவருக்கு நரகம். "நீங்க சில்லறை தேடுறதுக்குள்ள நான் சுருளிப்பட்டி போயிட்டு வந்துருவேன்" என்பார். அதனால் வீடு வீடாகப் பிரசாரம் செய்தார். முன்னாடியே காசைக் கட்டிவிடுங்கள், மஞ்சள் செயலியில் தள்ளுபடியும் உண்டு, எதுவாக இருந்தாலும் நான் இருக்கிறேன். ஊர் கேட்டது. பஞ்சவர்ணம் சித்தியும் கேட்டார்.

சித்தி, திராட்சைக் கொடிக்குக் கத்தரி பிடித்து வேலை செய்கிறவர். தெருவுக்கே சித்தி. பல வருஷம் கத்தரி பிடித்ததில் மணிக்கட்டு இரண்டும் வீங்கி, ஈரத்துணியைப் பிழிய முடியாமல் போனது. மகளிர் குழுவில் கடன் வாங்கித் துணி துவைக்கும் மெஷின் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். அவரிடம் கார்டு கிடையாது. பணத்தை ஓடிபி கையில் கொடுத்தார். ஓடிபி தன் டெபிட் கார்டிலிருந்து கட்டினார், இஞ்சினை அணைக்காமல்.

மெஷின் வர இருந்த வாரத்தில்தான் கம்பெனி படுத்தது.

சித்தி சத்தம் போடவில்லை. சாவியை உருவினார், அவ்வளவுதான். "மெஷினு வரட்டும். இல்லையா, காசு வரட்டும். வந்தன்னிக்கிச் சாவியை வாங்கிக்க" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது அநியாயமாகத் தெரியும். எங்கள் பக்கம் திராட்சை வாங்க எங்கிருந்தோ வியாபாரி வருவார். தோட்டக்காரருக்கு அவரைத் தெரியாது, கூட்டிக்கொண்டு வந்த தரகரைத்தான் தெரியும். வியாபாரி காசு கொடுக்காமல் மறைந்தால் தரகர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். செயலி என்பது சித்திக்கு வெளியூர் வியாபாரி. ஓடிபி தரகர். நான் கம்ப்யூட்டர் படித்தவள். வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு மென்பொருள் சோதிக்கிறேன். எது எங்கே உடையும் என்று பட்டியல் போடுவதுதான் வேலை. டெலிவரி செய்கிறவர் பொறுப்பாளி என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்பதை நிதானமாக விளக்கினேன். வேடிக்கை என்னவென்றால், சித்தியைவிட ஓடிபிதான் அதை ஏற்க மறுத்தார்.

"நாந்தான ஆத்தா கட்டச் சொன்னேன்" என்றார். "வியாபாரி ஓடிட்டா தரகன் நிக்கணும். நிக்கிறேன்."

நிற்கிறேன் என்றாரே தவிர, எங்கள் முற்றத்தில் துளசிச் செடியைச் சுற்றி நடந்துகொண்டேதான் சொன்னார்.

தவணையாகத் தன் கையிலிருந்து கொடுப்பதாகச் சித்தியிடம் கேட்டும் பார்த்திருக்கிறார். சித்தி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "ஓங்காசு எனக்கு எதுக்குலே? ஏங்காசை அவங்கிட்ட இருந்து வாங்கிக் குடு."

ஆகவே நான் பட்டியல் போட்டேன். கார்டில் கட்டியவர்கள் வங்கியில் தகராறு மனு கொடுக்க வேண்டும். வங்கி அந்தக் கம்பெனியின் வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்பக் கேட்கும். யூபிஐயில் கட்டியவர்கள் அதே வழியில் புகார் பதிய வேண்டும், பலன் உறுதியில்லை. செயலியின் பணப்பையிலேயே காசு போட்டு வைத்திருந்தவர்கள், கம்பெனியின் சொத்தை விற்றுக் கடனை அடைக்க நியமிக்கப்படும் அதிகாரியிடம் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். இந்தக் கடைசி வகையில் எங்கள் ஊரில் ஒரே ஆள்தான் இருந்தார். கம்ப்யூட்டர் படித்தவர். தள்ளுபடிக்கு மேல் தள்ளுபடி கிடைக்கும் என்று கணக்குப் போட்டவர். அவரைப் பற்றி மேலும் எழுத விருப்பமில்லை.

சித்தியின் பணம் கார்டு வகை. ஆனால் கார்டு ஓடிபியுடையது. மனுவையும் அவர்தான் போட வேண்டும். என் மடிக்கணினியில் வங்கிப் பக்கத்தைத் திறந்து, எல்லாவற்றையும் நிரப்பி, கடைசிப் பொத்தானை அழுத்தினேன். அவர் கைப்பேசி சிணுங்கியது.

"ஓடிபி சொல்லுங்கண்ணே" என்றேன்.

அவர் நடப்பதை நிறுத்தினார். கைப்பேசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரையைக் கையால் மறைத்துக்கொண்டார். ஊர் முழுக்க எண் வாங்கிய மனிதருக்குத் தன் எண்ணைச் சொல்ல வாய் வரவில்லை.

"இம்புட்டு நாளா எல்லாரும் என்னைய நம்பித்தான சொல்லியிருக்காக" என்றார், தணிந்த குரலில். பிறகு எண்ணைச் சொன்னார்.

அடுத்த வாரம் கம்பத்தில் வங்கிக் கிளைக்கு வரச்சொன்னார்கள். கண்ணாடி போட்ட அதிகாரி கோப்பைப் புரட்டிவிட்டு, பொருள் வரவில்லை என்பதற்கு டெலிவரி செய்கிறவரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றார்.

"நாந்தாங்க சார் அது."

"எது?"

"டெலிவரி."

"அப்ப கார்டு யாரோடது?"

"அதுவும் நாந்தாங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க வாங்குன பொருளை நீங்களே கொண்டுவந்து குடுக்கலைன்னு நீங்களே லெட்டர் குடுப்பீங்களா?"

"குடுப்பேங்க. ஆபீஸ்ல தெனமும் கேட்டேன். நான் கொண்டாரவே இல்ல."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த வட்டி விகிதப் பலகையைப் படித்தேன். தேனியில் இருக்கும் ஓடிபியின் கூரியர் அலுவலகத்தின் முத்திரையோடு கடிதம் வந்தால் போதும் என்று முடிவானது.

தேனிக்குப் பேருந்தில் போனோம். இருக்கை காலியாக இருந்தும் ஓடிபி படிக்கட்டில் நின்றார். உத்தமபாளையத்தில் ஓட்டுநருக்கே வழி சொன்னார். சின்னமனூரில் வண்டி ஐந்து நிமிஷம் நின்றதும் பொறுக்காமல் இறங்கி ஓடி, முன்னால் கிளம்பிய பேருந்தில் தொற்றிக்கொண்டார். வீரபாண்டி தாண்டி அந்தப் பேருந்து டயர் வெடித்து ஓரமாக நின்றது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்துக்கொண்டே கடந்து போனேன்.

கடிதம் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, காத்திருப்பது. ஓடிபிக்குத் தெரியாத ஒரே வேலையும் அதுதான். தினமும் காலையில் எங்கள் வாசலுக்கு வருவார்.

"என்னா ஆத்தா சொல்றாக?"

"காத்திருக்கச் சொல்றாகண்ணே."

"எத்தன மணி வரைக்கும்?"

மாதக் கணக்கில் ஆகலாம் என்று சொன்ன அன்று, அவர் துளசிச் செடியைச் சுற்றியதில் தரை வழுவழுப்பானது.

பைக் சித்தி வீட்டு வாசலில் நின்றது. சித்தி அதை வீணாக்கவில்லை. கையால் கும்மித் துவைத்த துணிகளைப் பிழியாமல் அதன்மேல் உலரப்போட்டார். கைப்பிடியில் ஜாக்கெட், இருக்கையில் போர்வை. வண்டி அதற்கு முன் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. ஓடிபி ஓர் ஓட்டைச் சைக்கிளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு, முன்பைவிட அதிகமாக வியர்த்து, முன்பைவிடக் குறைவான பார்சல் கொடுத்தார். பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர். வீட்டு வருமானத்தில் அடி விழுந்திருக்கும்.

ஒருநாள் எனக்குச் சந்தேகம் வந்தது. எந்தப் பைக்குக்கும் வாங்கும்போது இரண்டு சாவி தருவார்களே.

"மாத்துச் சாவி இல்லையாண்ணே?"

"இருக்கு. வீட்ல, சாமி படத்துக்குப் பின்னாடி."

"சித்திக்குத் தெரியாதா?"

"சித்திதான் கேட்டுச்சு, மாத்துச் சாவி இருக்குல்லன்னு. இருக்குன்னேன். சரின்னு போயிருச்சு."

இதைச் சொல்லும்போது அவர் சைக்கிளில் ஏறிப் பாதித் தெரு போயிருந்தார். நான்தான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

பணம் தை மாதம் அவர் கணக்குக்குத் திரும்பியது. ஓடிபி என்னிடம்கூடச் சொல்லவில்லை. நேரே கம்பத்துக் கடைக்குப் போய், அங்கிருந்து சித்தியைக் கைப்பேசியில் அழைத்து மெஷினைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, லோடு ஆட்டோவில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து, தெருமுனையிலேயே பழக்கதோஷத்தில் "ஓடிபி" என்று கத்தினார். சித்தி வாசலுக்கு வந்தார். சொல்ல எண் ஒன்றும் இல்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

இன்றைய நிலவரம்: கார்டில் கட்டிய எல்லோருக்கும் பணம் வந்துவிட்டது. யூபிஐக்காரர்களில் சிலருக்கு வந்தது, சிலருக்குப் பரிசீலனையில் இருக்கிறது. பணப்பைக்காரியின் மனு பெறப்பட்டதாக ஒரு மின்னஞ்சல் வந்தது, அதற்கப்புறம் சத்தமில்லை. ஓடிபி இப்போது முன்பணம் கட்டச் சொல்வதில்லை. மஞ்சப்பை நிறையச் சில்லறை வைத்துக்கொண்டு அவரே எண்ணிக் கொடுக்கிறார், பல்லைக் கடித்துக்கொண்டு. எல்லார் வாசலிலும் இஞ்சின் உறுமிக்கொண்டுதான் இருக்கிறது. பஞ்சவர்ணம் சித்தி வீட்டு வாசலில் மட்டும் அணைத்துவிட்டு, சாவியை அவர் கையில் கொடுத்து, குடிக்கத் தண்ணீர் கேட்கிறார்.