லோகேஸ்வரன் முகமிழந்த படலம்

வாழ்க லோகேஸ்வரன்! மலேசியாவின் கூலாய் நகர் தந்த கோளரி, செனாய் ஆலையின் பொட்டலம் கட்டும் பெருஞ்சேனையில் நிகரற்றோன், அதிகாலை உறக்கம் ஒன்றுக்கே தோற்கும் தோள்வலி மிக்கோன்! இன்னொரு நாள் தாமதித்தால் இரவு ஷிப்டுதான் என்று மேலாளர் எச்சரித்திருந்தார். அப்படியானால், பகலெல்லாம் கிளினிக்கில் பணிபுரியும் புதுமனைவி சந்திரமதியை ஞாயிறுதோறும் மட்டுமே காணலாகும் என்றெண்ணி அம்மலைநெஞ்சம் நடுங்கிற்று.

அந்தோ, அன்று விடியலில் ஊழிப்பெருமழை! நெடுஞ்சாலைப் பாலத்தடியில் மோட்டார் சைக்கிளோடு சிறைப்பட்ட மாவீரன், முன்பே ஆலை புகுந்துவிட்ட உயிர்த்தோழன் வீரமுத்துவைக் கைப்பேசியில் அழைத்தான்.

“மழைலா வீரா. என் மூஞ்சிய நீயே காட்டிடு.”

வாயிலிலோ, முகம் பார்த்து வருகை பதியும் புதுப்பொறி முக்கண் விழித்து நின்றது. ஒரு கண் நாம் காண்பதைக் காணும்; மறுகண் அகச்சிவப்பு ஒளியில் காணும்; மூன்றாங்கண் உடற்சூட்டை அளக்கும். தோழனின் திருமணப் படத்தைக் கைப்பேசித் திரையில் ஏந்தி, வேலேந்திய வீரனென வீரமுத்து பாய்ந்தான். முதற்கண் மயங்கிற்று, அகச்சிவப்புக் கண்ணுக்கோ அத்திரை வெறுங் கரும்பலகையாய்த் தெரிந்தது. ‘போலி முகம்’ என்று செவ்விளக்கு சீறியது. உடனே அப்படத்தைத் தாளில் அச்சிட்டு, கத்தரித்து, முகமூடியாய் அணிந்து மீண்டும் மோதினான். இரு கண்கள் ஏமாந்தன. குருதியோடாத குளிர்த்தாளை மூன்றாங்கண் கண்டுகொண்டது. இறுதியில், சிற்றுண்டிச்சாலையின் சுடச்சுட ரொட்டி சானாயை முகமூடிக்குள் பொதிந்து, கன்னம் வேக, கண்ணீர் மல்க, களம் புகுந்தான் அந்த நட்பின் திலகம். நெற்றியும் மூக்கும் மோவாயும் ஒரே வட்டமாய்த் தகிக்கும் மனிதனை அப்பொறி அதுவரை கண்டதில்லை; மீண்டும் சீறியது செவ்விளக்கு.

காவற்கூண்டிலிருந்து அனைத்தையும் பார்த்துக்கொண்டிருந்த செல்வராணி, நாசி லெமாக் சோற்றை மென்றபடி அருளினாள்:

“ரொட்டிய எடுத்துட்டு உள்ள போ வீரா. மூஞ்சி வெந்துரும்.”

அக்கணமே, பாலத்தடி துறந்து, மாரியைக் கிழித்து, தலைக்கவசக் கண்ணாடி உடைந்திருந்தும் அஞ்சாது, லோகேஸ்வரன் வந்திறங்கினான்! ஷிப்டு தொடங்க இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. நீர் சொட்டும் தன் திருமுகத்தைப் பொறிமுன் நிமிர்த்தினான். மழையில் விறைத்த கன்னங்களில் மூன்றாங்கண் துளிச்சூடும் காணவில்லை. ‘போலி முகம்’ என்றது பொறி.

“அக்கா, இது என் சொந்த மூஞ்சிக்கா.”

“எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியலையே.”

இரு கன்னங்களையும் அரணிக்கட்டைபோல் அவன் தேய்த்துத் தேய்த்து அனல் எழுப்பினான். பச்சை விளக்கு எரிந்தபோது நேரம் கடந்திருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து, தாமதித்தவன், பொய்முகம் காட்டியவன், இரண்டு பேருக்கும் இரவு ஷிப்டு.