கதிரை நானாவின் காலில் விளைந்த உப்பு

புத்தளத்தில் கடல் இடம் மாறினாலும் மாறும், கதிரை நானா தன் நாற்காலியை விட்டு எழும்பமாட்டார். யுத்தம் முடிந்து யாழ்ப்பாணத்து லொறிகள் எங்கள் உப்பு ஸ்டோருக்கு வரத் தொடங்கியிருந்த காலம். நானாவுக்கு வாசல் காவல். எனக்கு உள்ளே கணக்கெழுதும் கிளாக்கர் வேலை. முதலாளியே வந்தாலும் அவர் இருந்த இடத்திலிருந்து கயிற்றை இழுத்துத்தான் கேற்றைத் திறப்பார். முழங்கால் வலியைச் சாட்டித் தொழுகையும் கதிரையில்தான்.

தண்ணீரும் குடிக்கமாட்டார். அந்த வெயிலில் எப்படி முடிகிறது என்று கேட்டேன்.

"குடிச்சா எழும்பிப் போக வேணுமே தம்பி. எதுக்கு அந்தத் தொல்லை."

ஒருநாள் அவருடைய இடது கெண்டைக்கால் பலாக்காய் போல வீங்கிச் சுட்டது. வாயு என்றார். ஒரு லொறி டிரைவர் உருவிவிடுவதற்கு எண்ணெய்ப் போத்தலோடு வந்து குந்தினார். என் மாமா இப்படித்தான் ஒரு கால் மட்டும் வீங்கி, மூச்சடைத்து மௌத்தானவர். நான் போத்தலைப் பறித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றேன்.

"கதிரையோட ஏத்துறெண்டா வாறன்."

ஏற்றினோம். லொறியின் பின்னால், உப்பு மூட்டைகளுக்கு நடுவில், வழியில் கண்டவர்களுக்கெல்லாம் சலாம் சொல்லிக்கொண்டு மாப்பிள்ளை போலப் போனார்.

ஸ்கேனைப் பார்த்த டொக்டர் அம்மாவின் முகம் இறுகியது. "நாளத்துக்குள்ள இரத்தம் கட்டியிருக்கு. உருவியிருந்தா கட்டி கழண்டு நெஞ்சுக்குப் போயிருக்கும்."

"காயம் இல்லாம இரத்தம் கட்டுமா?" என்றார் நானா.

"அசையாம இருந்தா தேங்கும். தண்ணி குடிக்காட்டித் தடிக்கும். பிறகு கட்டாம என்ன செய்யும்?"

நானா குனிந்து தன் காலைப் பார்த்தார். வாய்க்காலில் ஓடும்வரை கடல்நீர் வெறும் கடல்நீர்தான். பாத்தியில் தேக்கி வெயிலில் சுண்டவிட்டால் உப்பு. எங்கள் ஊரில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அப்ப என்ட காலுக்குள்ள உப்பு விளஞ்சிரிக்கி," என்றார். அவர் பயந்து அன்றுதான் பார்த்தேன்.

ஊசி, குளிசை என்று அவர் தப்பிவிட்டார், மாட்டிக்கொண்டது நாங்கள். கையில் தண்ணீர்ப் போத்தலோடு அவர் ஊரெல்லாம் நடையோ நடை. கல்யாண வீட்டில் ஆறு பேர் ஒரே சகன் தட்டைச் சுற்றி இருந்து சாப்பிடும்போது, நடுவில் எழும்பிப் பந்தலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். அதுவரை மற்ற ஐந்து பேரும் சோற்றில் கையை வைத்தபடி காத்திருப்பதுதான் மரியாதை. ஒருநாள் பசி மரியாதையை வென்றுவிட்டது. அவர் திரும்பி வந்தபோது சகனில் கோழி இல்லை.

"கோழிட கால் போனாப் போகட்டும். என்ட கால் மிஞ்சினாப் போதும்," என்று சொல்லிக்கொண்டே வெறும் சோற்றைப் பிசைந்தார்.

பிறகு நான் விழுந்து தொடை எலும்பு முறிந்து, ஒப்பரேஷன் முடிந்து தில்லையடி வீட்டில் கிடந்தேன். பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும் நானா வந்துவிடுவார்.

"இருங்க நானா," என்று கதிரையைக் காட்டுவேன்.

"நான் இருந்தா நீங்க படுத்திருவீங்க. எழும்புங்க, உப்பு விளையுது."

திட்டிக்கொண்டே எழும்புவேன். ஊன்றுகோலோடு நான் விறாந்தையை நொண்டி முடிக்கும்வரை, தண்ணீர்க் கோப்பையை ஏந்தியபடி அவர் பக்கத்தில் நிற்பார். முதலாளிக்கே எழும்பாத மனிதர், எனக்காக ஒருநாளும் அந்தக் கதிரையில் இருக்கவில்லை.