எதிர்வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது

என்றும் என் மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், பழைய பஸ் டிப்போவின் டைம்கீப்பர், பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் சௌக்கியம். அங்கே நீங்கள், மகன், மருமகள், உங்கள் வலது முழங்கால் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். முழங்காலைத் தனியாக விசாரிக்கச் சொன்னது உங்கள் தங்கை. மகன் வீட்டு மூன்றாவது மாடியை விட்டு நீங்கள் இறங்கியே பல வாரம் ஆகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் சாப்பிடுகிறேன்.

போனில் கேட்டீர்களே, "உங்க எதிர்வீடு இன்னும் காலியாத்தான் இருக்காமே மாப்பிள்ளை, வாங்கலாமா வேணாமா? ஒளிக்காம சொல்லுங்க" என்று. அப்போது உங்கள் தங்கை பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால், "கண்ண மூடிக்கிட்டு வாங்க மச்சான், சொர்க்கம்" என்று சொல்லிவைத்தேன். இப்போது அவள் பூங்காவில் நடக்கப் போயிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன். அப்புறம் உங்கள் பாடு.

டிப்போவை இடித்துவிட்டுப் புதுக் குடியிருப்பு கட்டப்போகிறார்கள், பழைய ஊழியர்களுக்கு முன்னுரிமை உண்டு என்று அறிவித்த அன்றைக்கே, "ஆயுசு பூரா அந்த மண்ணுல பஸ்ஸுக்கு அடியில மல்லாந்து கிடந்தாச்சு, இனிமே வீடு வாங்கி வேற கிடக்கணுமா?" என்று உதறிவிட்டு மகனோடு போனீர்கள். விவரமான ஆள். நான் உங்கள் தங்கை பேச்சைக் கேட்டு விற்பனை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மொத்தக் குடியிருப்பையும் பொம்மையாகச் செய்து வைத்திருந்தார்கள். பஞ்சில் மரம், கண்ணாடியில் ஏரி, விரல் நகம் அளவுக்கு மனிதர்கள். ஒரு வீட்டு வாசலில் ஒரு பொம்மை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது, அதற்கு எதிர்வீட்டு வாசலில் இன்னொரு பொம்மை. இரண்டும் என்னவோ பேசிக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. "இது நீங்கதான் சார்" என்று விற்பனைப் பெண் முதல் பொம்மையைக் காட்டினாள். அதில் விழுந்தவன்தான், கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன். குடிவந்து பார்த்தால் வாசலில் நாற்காலியைப் போட்டால் கதவு திறக்காது, கதவைத் திறந்தால் நாற்காலியைத் தலையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏரியைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். 'ஏரியைப் பார்த்த வீடு' என்றுதான் விளம்பரம். எந்த ஏரி? நம் பஸ்களைக் கழுவுவோமே, அந்தத் தொட்டிதான்! அதைக் கொஞ்சம் அகலமாக வெட்டி, ஓரமாகப் புல் வைத்து, நடுவில் வாத்து மாதிரி ஒரு படகையும் விட்டிருக்கிறார்கள். முதல் முறை தண்ணீர் நிரப்பிய அன்று மேலே ஏழு நிறமும் மினுமினுத்தது. "வண்ண விளக்கு ஏற்பாடு" என்று சொல்லி விற்பனைப் பெண் எல்லோரையும் கைதட்ட வைத்துவிட்டாள். உங்கள் தங்கை குனிந்து ஒரு மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது எங்கண்ணன் சட்டை வாசம்ங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீச்சல்குளம் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள். நீங்கள் படுத்துக் கிடந்த பட்டறைக் குழியில்தான். உங்கள் ஸ்பானர் விழுந்த இடத்திலெல்லாம் இப்போது குழந்தைகள் குதிக்கிறார்கள்.

அடுத்தது, எல்லாக் கட்டடமும் ஒரே அச்சு, ஒரே நிறம். குடிவந்த வாரத்தில் உங்கள் தங்கை காய்கறிப் பையோடு பக்கத்துக் கட்டடத்தில் இதே மாதிரி ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள். உள்ளே ஒரு மனுஷன் முதுகைக் காட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாராம். இவள் அது நான்தான் என்று நினைத்து, "ஊர்ல உள்ளவன் எல்லாம் ஒரு வேலை செய்றான், உங்களுக்கு எந்நேரமும் இந்தப் பெட்டிதானா? எழுந்து இந்தப் பைய வாங்குங்க" என்று ஒரு பிடி பிடித்திருக்கிறாள். அவரும் மறுபேச்சுப் பேசாமல் டிவியை அணைத்துவிட்டு வந்து பையை வாங்கிக்கொண்டாராம். பாவம், அவரும் கல்யாணம் ஆனவர். அவர் பெண்டாட்டி இப்போது உங்கள் தங்கைக்கு நெருங்கிய சிநேகிதி. புருஷனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று பாடம் கேட்க சாயந்தரம் ஆனால் வந்துவிடுகிறாள்.

என் தரப்பிலும் ஒரு சின்னத் தவறு நடந்தது, அதையும் ஒளிக்கவில்லை. கட்டிலும் மெத்தையும் கொண்டுவந்த வண்டிக்காரர் போன் பண்ணி வழி கேட்டார். நான் பழைய ஞாபகத்தில், "டயர் ஷெட்டைத் தாண்டி, டீசல் பங்குக்குப் பின்னாடி, கழற்றிப்போட்ட சீட்டெல்லாம் கிடக்குமே, அதுக்கு எதிர்த்தாப்புல" என்று கடகடவென்று சொல்லிவிட்டேன். மனுஷன் சுற்று சுற்றென்று சுற்றி, வேறு வழி தெரியாமல் உடற்பயிற்சிக் கூடத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். நான் போய்ப் பார்க்கும்போது நம் மெத்தைமேல் நாலு பேர் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "புதுசா வாங்கிப் போட்டிருக்காங்க சார், நல்லாருக்கு" என்று எனக்கும் இடம் விட்டார்கள். அந்த மெத்தையில் இன்னும் நடுவில் ஒரு பள்ளம். ராத்திரி உங்கள் தங்கையும் நானும் இரண்டு பக்கத்திலிருந்தும் உருண்டு வந்து நடுவில் முட்டிக்கொள்கிறோம்.

காலையில் பொழுது போகாமல் தினமும் மெயின் கேட்டில் போய் நிற்க ஆரம்பித்தேன் மச்சான். அங்கேதான் வம்பு. கை சும்மா இருக்குமா? போகிற வர்ற வண்டியை எல்லாம் பார்க்கிறேன், வாய் தானாகப் பேசுகிறது. "என்ன தம்பி, நேத்து இந்நேரத்துக்குப் போயிட்டீங்களே, இன்னிக்கு ஏன் லேட்டு?" என்று ஒரு காரை நிறுத்திக் கேட்டுவிட்டேன். அந்தத் தம்பி பயந்துபோய், "சாரி சார், பொண்ணுக்குக் காய்ச்சல் சார்" என்கிறார்! காவலாளி என்னைப் பெரிய அதிகாரி என்று நினைத்து நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டார். இப்ப வீடு பார்க்க வர்றவங்ககூட மொதல்ல என்கிட்டதான் வந்து விசாரிக்கிறாங்க. என்ன இருந்து என்ன மச்சான்? டிப்போவுல உங்க பட்டறை வண்டி தாமதமா வெளிய வரும், நான் கொட்டை எழுத்துல 'லேட், காரணம் பட்டறை'ன்னு எழுதுவேன், நீங்க கையில கிரீஸோட ஓடிவந்து என் ஜன்னலத் தட்டி, "யோவ் மாப்பிள்ளை, தங்கச்சி புருஷனா போயிட்ட, இல்லேன்னா தெரியும் சேதி"ன்னு கத்துவீங்க. இங்க யாருமே திருப்பிக் கத்த மாட்டேங்கிறாங்க. எல்லாரும் சாரி சொல்லிட்டுப் போயிடுறாங்க. சப்புன்னு இருக்கு.

இதுக்கு மேல என்ன சொல்ல? உங்க கேள்வி எதிர்வீட்டைப் பத்தி. அதை மூணு பார்ட்டி வந்து பார்த்தாச்சு. மூணு பேரும் என்கிட்ட விசாரிச்சாங்க. ஏரியப் பத்தி, நாற்காலியப் பத்தி, ஒரே மாதிரி கட்டடத்தப் பத்தி எல்லாம் உள்ளத உள்ளபடி சொன்னேன். மூணு பேரும் போன வழி தெரியல. ஒருத்தர் செருப்பைக்கூட விட்டுட்டுப் போயிட்டார். இதையெல்லாம் பார்த்து நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க. ஒரு மச்சானுக்குச் சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டேன்.

மகனுக்கும் மருமகளுக்கும் எங்கள் ஆசிகள். முழங்காலுக்கு எண்ணெய் தடவி வெந்நீர் ஊற்றச் சொன்னாள் உங்கள் தங்கை. எல்லோரும் நீடூழி வாழ்க, நோய் நொடி அண்டாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்களைக் கெடுதலில் தள்ள மனம் வராத மாப்பிள்ளை

பின்குறிப்பு: உங்கள் தங்கை திரும்பி வந்து இதை முழுதும் வாசித்துவிட்டாள். "இது அந்த மூணு பேர்கிட்ட சொன்ன கதையாச்சே, எங்கண்ணனுக்கு எதுக்கு எழுதினீங்க?" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். என்ன செய்வது, சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆகிவிட்டது, பேனாவை எடுத்ததும் அதுவே கொட்டிவிட்டது. கொஞ்சம் கைச்சரக்கு சேர்த்தும் எழுதியிருக்கிறேன். நாற்காலி போட்டாலும் கதவு பாதி திறக்கும். ஏரியில் இப்போது மீன் இருக்கிறது.

விற்பனைப் பெண்ணும் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். நேற்று கேட்டுக்கு வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்கிறாள்: "ஏன் சார், மத்த வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் உங்ககிட்ட பேசிட்டுச் சிரிச்சுக்கிட்டே வந்து கையெழுத்துப் போடுறாங்க. இந்த ஒரு வீட்டுக்கு வர்றவங்க மட்டும் ஏன் சார் தலைதெறிக்க ஓடுறாங்க?" நான் வானத்தைப் பார்த்தேன். "உங்க மச்சான் வர்றாரா இல்லையா, அதச் சொல்லுங்க. அடுத்த பார்ட்டி வந்தா உங்கள மெயின் கேட் பக்கமே விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

முக்கியமானதை மேலே விட்டுவிட்டேன். அந்த வீடு தரைத்தளம். உள்ளே நுழைய ஒரு படிகூடக் கிடையாது. உங்கள் முழங்காலை நினைத்துத்தான் அந்த மூன்று பேரையும் விரட்டினேன்.

கிளம்பி வந்துடுங்க மச்சான். எவ்வளவு லேட்டா வந்தாலும் இந்த ஒரு தடவை எழுத மாட்டேன்.