யூனிட் சாரின் எட்டு யூனிட்

அன்றைக்குச் செலவான யூனிட் பதின்மூன்று என்று மீட்டர் காட்டியது. யூனிட் சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் பதின்மூன்றுதான்.

மின்சாரம் அதிகம் தேவைப்படாத வீடுகளைக் கட்டி, தேவையான அளவுக்கு மட்டும் மொட்டைமாடியில் சோலார் பேனல் போட்டுத் தரும் கம்பெனி அது. ஒரு வீடு நாளுக்கு எத்தனை யூனிட் இழுக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வது இவர் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். கடைசியாகக் கணக்குச் சொன்ன மூன்று வீடுகளும் காலை வாரிவிட்டன.

"உங்க சொந்த வீடும் நாம கட்டினதுதானே? எட்டு யூனிட்னு நீங்களே எழுதியிருக்கீங்க. வெள்ளிக்கிழமை வந்து முந்தின நாள் ரீடிங்கைப் பார்க்கிறேன். அதுவும் தப்புன்னா புகார் பிரிவுக்குப் போயிடுங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். புகாரோடு வருகிறவர்களில் பாதிப் பேர் இவர் கணக்குப் போட்ட வீட்டுக்காரர்கள்.

மனைவி கணக்குத் தாளை எட்டிப் பார்த்தாள். "எங்கம்மா பேருக்கு நேரா என்ன போட்டிருக்கீங்க?"

"சைபர். அத்தை சும்மாதானே உட்கார்ந்திருக்காங்க?"

"டிவி முன்னாடி உட்கார்ந்திருக்காங்க. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும்."

'ஊர் வீட்டுக்கெல்லாம் கணக்குப் போடுற பெரிய மேதை!' என்று யூனிட் சார் தன்னையே திட்டிக்கொண்டார். கொடுத்த கணக்கை இனித் திருத்த முடியாது. வீட்டைத்தான் திருத்த வேண்டும்.

திங்கட்கிழமை ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை ஒட்டினார். டிவி அரை மணி நேரம், வாஷிங் மெஷின் வாரம் ஒருமுறை, இஸ்திரி கிடையவே கிடையாது. மீட்டர் பதினொன்றுக்கு இறங்கியது.

செவ்வாயன்று ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் கிளம்பினார்.

"மாப்பிள்ளை நல்லா இருக்கட்டும்" என்றார் மாமியார். கேட்டவர்களுக்கு அது வாழ்த்தாகத் தோன்றியிருக்காது.

புதன்கிழமை மீட்டர் நான்கு காட்டியது! யூனிட் சார் துள்ளிக் குதித்தார். அடுத்த நிமிடமே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"குறைஞ்சிடுச்சே, சந்தோஷம்தானே?" என்றாள் மனைவி.

"எட்டுன்னு எழுதிட்டு நாலு வந்தாலும் தப்புதான். பாதிப் பேனல் எதுக்கு தண்டமா கிடக்குன்னு கேப்பார்."

"அப்ப அம்மாகிட்ட ரிமோட்டைக் குடுங்க."

"குடுத்தா பதின்மூணுக்குப் போயிடும்!"

வியாழக்கிழமை லீவு போட்டார். மனைவியும் மாமியாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காலையிலேயே வெளியே போனது வசதியாகப் போயிற்று. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிச் சும்மா நிற்க வைத்தார். ஹீட்டரில் வெந்நீர் போட்டுப் போட்டுக் கீழே கொட்டினார். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்றே படித்துப் பட்டம் வாங்கிய மனிதர், மீட்டரைப் பார்த்து, "ஏறு ராஜா, ஏறு" என்று கெஞ்சினார். அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் எட்டு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மேனேஜர் குனிந்து பார்த்தார். "எட்டு! புள்ளி பிசகாம எட்டு! இனிமே எல்லா வீட்டுக்கும் நீங்கதான் கணக்கு."

யூனிட் சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுத் தையல்காரர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"சோலார் கம்பெனி மேனேஜர் நீங்கதானா சார்? எங்க வீட்டுக்கும் பேனல் போடணும். அவசரம்."

"போட்டுடலாம். கணக்குக்குச் சொல்லுங்க, வீட்ல எத்தனை பேர்?"

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் ரெண்டு பேர் சார். இப்ப டிவிக்கு இவரோட மாமியார், வாஷிங் மெஷினுக்கும் இஸ்திரிக்கும் இவரோட சம்சாரம், எல்லாம் சேர்த்து நாலு பேர்."