டிபன் சாரும் பழைய பிளாப்பியும்

திருநள்ளாற்றில் கால் வைத்தவர்களிலேயே சனீஸ்வரனுக்குக் கொஞ்சமும் பயப்படாத ஒரே மனுஷர் எங்கள் டிபன் சார்தான். அவர் பயந்தது பசிக்கு மட்டும். அப்படித்தான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எண்பதுகளின் கடைசி. பி.எஸ்சி. முடித்துவிட்டு அம்பகரத்தூரில் சும்மா இருந்த எனக்கு, கோயிலுக்குப் பக்கத்து லாட்ஜின் கீழ்த்தளத்தில் ஒரு வேலை கிடைத்தது. லாட்ஜ் முதலாளி அங்கே 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று போர்டு மாட்டியிருந்தார். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் சொன்னால் கொஞ்ச நேரத்தில் ஜாதகம் அச்சாகி வந்துவிடும். டோக்கன் கொடுப்பதும் காகிதத்தைக் கிழித்துத் தருவதும் என் வேலை. மெஷினைத் தொடும் உரிமை சாருக்கு மட்டும்.

சார் காரைக்காலில் கணக்கு டியூஷன் எடுத்தவர். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். "உங்களுக்கு ஜாதகத்துல நம்பிக்கை உண்டா சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கட்டம் கரெக்டா இருக்கும்மா. அது கணக்கு. அதுக்கு மேல என்னைக் கேக்காத."

விழிதியூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். அவருடைய பசு திடீரென்று பால் தர மறுத்துவிட்டதாம். கன்றாக அது பிறந்த நேரத்தைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைத்திருந்தாராம். முதலாளி தடுப்பதற்குள் சார் பசுவுக்கு ஜாதகம் போட்டே விட்டார்.

"ராசி என்னங்க?"

"ரிஷபம்."

"அதான பாத்தேன்" என்று அவர் நிம்மதியாகப் போனார். நானும் காகிதத்தைப் பார்த்தேன். நிஜமாகவே ரிஷபம்தான்.

இவ்வளவு நல்ல மனுஷரிடம் ஒரே ஒரு தொல்லை. காலையில் டிபன் சாப்பிடாமல் மெஷினைத் தொட மாட்டார். சனிக்கிழமைகளில் கூட்டம் தெருமுனை வரை நிற்கும். இவர் எதிர்க்கடையில் உட்கார்ந்து, நாலு இட்லியை நாற்பது இட்லி மாதிரி சாப்பிடுவார். முதலாளி வாசலில் நின்று தலையில் அடித்துக்கொள்வார்.

"சாப்பிடாம மெஷின் ஓடாதுங்க" என்பார் சார்.

"மெஷினா இட்லி திங்குது?"

"நான் திங்கணுங்க."

ஒருநாள் எதிர்க்கடை பூட்டியிருந்தது. சார் இட்லி தேடி ஊரையே ஒரு சுற்று சுற்றி வந்தார். அதுவரை வெளியூர்க்காரர்கள், இதுவும் பரிகாரத்தில் சேர்த்திதான் போல என்று பேசாமல் நின்றார்கள். அன்றுதான் அவருக்கு டிபன் சார் என்று பேர் விழுந்தது.

சாப்பிட்டு வந்ததும் இன்னொரு கூத்து. அந்தக்கால போட்டோக்காரர் மாதிரி தன் தலையையும் திரையையும் சேர்த்து ஒரு துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே ஏதோ தட்டுவார். துண்டை எடுத்தால் மெஷின் தயாராக இருக்கும். ஜெபம் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

சனிப்பெயர்ச்சி நெருங்கியது. கூட்டத்தைச் சமாளிக்க முதலாளி பழைய மெஷினைக் கொடுத்துவிட்டு மெட்ராஸிலிருந்து புதுசு வாங்கினார். சார் வழக்கம்போல டிபனை முடித்து, துண்டைப் போர்த்திக்கொண்டார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. நானே மெதுவாகத் துண்டை விலக்கினேன். 'வெர்ஷன் தப்பு' என்கிற அர்த்தத்தில் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி. சார் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலாளி திரைக்குக் குங்குமம் வைத்தார். எலுமிச்சம்பழம் சுற்றினார். மறுநாள் மெட்ராஸிலிருந்து டை கட்டிய ஒரு இன்ஜினீயர் வந்து சேர்ந்தார்.

"மெஷினை எழுப்பி விடுறதுக்குன்னு உள்ள ஒரு சிஸ்டம் இருக்குங்க. உங்க ஜாதக புரோகிராம் அதோட பழைய வெர்ஷனுக்கு எழுதினது. புதுசுல ஓடாது. எழுதினவங்களைக் கூப்பிடுங்க, ரெண்டு நாள்ல மாத்திக் கொடுத்துடுவாங்க."

"எழுதினவங்க வர மாட்டாங்க தம்பி" என்றார் சார்.

சாரே எழுதியதென்றுதான் அதுவரை நாங்கள் நம்பியிருந்தோம். மத்தியானம் அவரே என்னிடம் சொன்னார். எழுதியது அவர் மகள் ஸ்டெல்லா. தாயில்லாத பெண். திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி கம்ப்யூட்டர் படித்தாள். கிரகக் கணக்கில் ஆசைப்பட்டு இந்தப் புரோகிராமை எழுதினாள். கடைசி வருஷம் மஞ்சள்காமாலை வந்தது. பதினோரு நாள்தான்.

"நான் காலையில சாப்பிடாம டியூஷனுக்கு ஓடுறேன்னு அவளுக்குக் கோவம். புரோகிராம் ஆரம்பத்துலயே ஒரு கேள்வி வெச்சிட்டா. 'அப்பா, சாப்டியா?' ஆமான்னு தட்டினாத்தான் உள்ள விடும். இல்லன்னு தட்டினா, 'போய்ச் சாப்பிட்டு வா'ன்னு மூடிக்கும்."

"சாப்பிடாமலே ஆமான்னு தட்டலாமே சார்?"

"அவகிட்டயாம்மா?"

நான் டோக்கன் கட்டை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன். ஏற்கெனவே அடுக்கியிருந்த கட்டுதான்.

மெஷினை எழுப்பும் அந்தப் பழைய சிஸ்டம் பதிந்த பிளாப்பித் தட்டு கிடைத்தால் ஓட்டிப் பார்க்கலாம் என்று இன்ஜினீயர் சொல்லியிருந்தார். அவர்கள் ஆபீஸில் அது இல்லை. பழைய மெஷினோடு சேர்ந்து அது மாயவரத்தில் ஒரு நெல் மண்டிக்குப் போயிருந்தது. நானும் சாரும் பஸ் ஏறினோம். மகளின் புரோகிராம் இருந்த பிளாப்பியை சார் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்து, ஈரம் ஏறாமலிருக்க அரிசியும் போட்டு, மடியில் அணைத்தபடி வந்தார். மேடு பள்ளத்தில் பஸ் குலுங்கும்போதெல்லாம் டப்பாவைக் கையில் தூக்கிக்கொண்டார்.

மண்டியில் மெஷின் இருந்தது. அதை இயக்குகிற பையன் நல்ல மாதிரி. நாற்காலி போட்டு உட்கார வைத்தான்.

"அந்தப் பிளாப்பியாங்க? அதை அழிச்சிட்டு அதுலயே புது வெர்ஷன் ஏத்திட்டோமே. போன வாரந்தான். வேணுமாயிருந்துச்சா?"

"இல்ல தம்பி, சும்மா கேட்டேன்" என்றார் சார். அந்தப் பையன் கொடுத்த மோரை முழுக்கக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தார். திரும்பி வரும்போது டப்பா பக்கத்து சீட்டில் இருந்தது. பஸ் குலுங்கியபோது அவர் அதைத் தூக்கவில்லை.

முதலாளி வேறு ஜாதக புரோகிராம் வாங்கிப் போட்டார். தட்டினால் உடனே திறந்தது. சார் நேராக வந்து உட்கார்ந்துவிடுவார், துண்டு கிடையாது. எதிர்க்கடைக்காரர் என்னிடம் வந்து, "சாருக்கு எங்க இட்லி புடிக்கலையாம்மா?" என்று கவலையோடு கேட்டார். முதலாளிகூட ஒருநாள் ஒரு பொட்டலம் வாங்கி வந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அது சாயங்காலம் வரை பிரிக்கப்படாமலே கிடந்தது.

இன்ஜினீயரிடம் கேட்டுக் கேட்டு நான் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தேன். "சார், அந்தக் கேள்வியை நானே எழுதித் தர்றேன். அச்சு அசலா அதே மாதிரி வரும்" என்றேன்.

அவர் யோசித்துப் பார்த்தார். "வேணாம்மா. அது நீ கேக்குறது. நீ கேக்குறதா இருந்தா வாயாலயே கேளேன்."

மறுநாளிலிருந்து வாயாலேயே கேட்டேன். "ஆச்சும்மா" என்பார். என்னிடம் பொய் சொல்ல அவருக்குத் தயக்கமே இல்லை. பத்து நாள் போனபின், கேட்காமல் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து இரண்டை அவர் முன்னால் வைத்து, எதிரில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன். அவரும் சாப்பிட்டார்.

பெயர்ச்சிக் கூட்டம் ஓய்ந்தது. ஒருநாள் ஸ்டெல்லாவின் காலேஜ் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். "அவ ஹாஸ்டல்ல உக்காந்து என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தான்னு தெரிஞ்சிக்கணும்மா" என்றார். சாருக்கு அப்போது அம்பத்தாறு வயது. மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெஷினில் ஒரு விரலால் தட்டித் தட்டிப் படித்தார். முதலாளி பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்தார்.

மழைக்காலம் முடியும்போது முதல் புரோகிராமை எழுதி என்னைக் கூப்பிட்டார். பிறந்த தேதியைக் கொடுத்தால் கிழமையைச் சொல்லும். ஒரு தேதியைத் தட்டினார். வெள்ளிக்கிழமை என்று வந்தது.

"சரிதான். அவ பொறந்தது வெள்ளிக்கிழமைதான். ஆஸ்பத்திரி வாசல்ல முழங்காலளவு தண்ணி" என்றார். பிறகு, "எப்படிம்மா இருக்கு? பாத்துச் சொல்லு" என்று எழுந்து எனக்கு நாற்காலியைக் கொடுத்தார்.

மூன்று வரியில் முடிகிற கணக்கை, டியூஷன் வாத்தியார் ஆயிற்றே, ஒரு படிகூட விடாமல் நாற்பது வரி எழுதியிருந்தார். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தேன். ஒரு வரியைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை.