எனக்கு முன்னால் கிளம்பிய பை

விமானத்தில் வெறும் நாற்பது நிமிடம்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாற்பது நிமிடம் என்பது விமானத்துக்கு. மனிதனுக்கு அது ஒரு முழு நாள். விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் நிற்க வேண்டும், உள்ளே ஒரு தாலுகாவைக் கடப்பது போல நடக்க வேண்டும், பெல்ட்டைக் கழற்றிக் காட்ட வேண்டும். கடைசியில் முழங்கால் தாடையில் இடிக்கும் ஓர் இருக்கையில் உட்கார்ந்து குடிக்க ஏதாவது கேட்டால் விலைப் பட்டியலை நீட்டுவார்கள். இதெல்லாம் இன்றைக்கு எனக்கு உறைக்கிறது. என் தம்பி ஸ்ரீதரின் நிச்சயதார்த்தத்தின்போது உறைக்கவில்லை. அப்போது நான் மலிவு விமானங்களின் பரம பக்தனாக இருந்தேன். சண்டிகர், லக்னோ என்று டெல்லிக்குப் பக்கத்தில் எங்கே போவதானாலும் பறந்துதான் போவேன். ரயிலில் போகிறவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவேன். (பரிதாபத்தை வெளியே சொல்லவும் செய்வேன். அதுதான் வினை.)

பெண்ணுக்கு ஜெய்ப்பூர். பெயர் காயத்ரி. அவள் அப்பா வங்கி வேலையில் அங்கே போய் அங்கேயே தங்கிவிட்டவர். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் முடிந்ததும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நிச்சயதார்த்தம். அம்மா, ஸ்ரீதர், என் மனைவி உமா எல்லோரும் சனிக்கிழமையே ரயில் ஏறிவிட்டார்கள். நான் மட்டும் டெல்லியில், லோதி ரோடு குவார்ட்டர்ஸில் தங்கிவிட்டேன். காரணம் ஒரு ரவிக்கை.

நிச்சயதார்த்தத்தில் பிள்ளை வீட்டார் கொடுக்கும் புடவையைக் கட்டிக்கொண்டுதான் பெண் சபையில் வந்து உட்கார வேண்டும். அம்மா மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப் புடவையைக் கும்பகோணத்திலிருந்து வரவழைத்திருந்தாள். ரவிக்கை தைக்கவும் ஓரம் அடிக்கவும் அது ஆர்.கே. புரம் தையல்காரரிடம் போயிருந்தது. அவர் ஒரு வாரமாக "கல் பக்கா", நாளை நிச்சயம், என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நிச்சயமான 'நாளை' சனிக்கிழமை இரவுதான் வந்தது.

"ஏன்னா, பேசாம ஞாயித்துக்கெழமை கார்த்தால ரயில்ல வந்துடுங்கோளேன்" என்று உமா போவதற்கு முன்பே சொன்னாள்.

"அஞ்சு மணி நேரம் யார் உக்காந்திண்டு வரது? ஃப்ளைட்ல நாப்பது நிமிஷம். நீங்க அங்க சாயங்காலக் காபி குடிக்கறதுக்குள்ள புடவையோட வந்து நிப்பேன்."

எதிர் வீட்டு மல்ஹோத்ரா அங்கிளும் ஆன்ட்டியும் எங்களுக்கு இருபது வருடப் பழக்கம். அவர்களும் நிச்சயதார்த்தத்துக்கு ஞாயிறு மத்தியானம் காரில் கிளம்புவதாக இருந்தார்கள். சாப்பாட்டுக்குள் வந்து ஆசீர்வாதம் செய்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. "பேட்டா, உனக்கு இடம் இருக்கு, எங்களோடயே வந்துடு" என்றார் அங்கிள். அவருடைய காருக்கு ஏறக்குறைய என் வயது. நான் சிரித்தேன். வாய்விட்டே சிரித்தேன்.

சனிக்கிழமை இரவு ஜெய்ப்பூரிலிருந்து அம்மா ஃபோன் செய்தாள். "நாளைக்குப் பன்னண்டுலேந்து ஒண்ணரை எமகண்டம். நீ ஆத்தை விட்டு எப்போ கெளம்பணும்?"

"பன்னண்டரைக்கும்மா."

"அதான் நெனச்சேன். கார்த்தால நல்ல நேரத்துல பையைக் கொண்டுபோய் எதிராத்துல பரஸ்தானம் வெச்சுடு."

பரஸ்தானம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிளம்பும் நேரம் சரியில்லை என்றால், முன்கூட்டியே நல்ல நேரம் பார்த்து நம் பையை மட்டும் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை கிளம்பிவிட்டதால் நாமும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு எமகண்டத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை. கிரகங்கள் இதை எப்படி ஒப்புக்கொள்கின்றன என்று எனக்குப் புரிந்ததே இல்லை. ஆனால் அம்மாவோடு வாதாடுவதைவிடப் பையைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போவது சுலபம். காலையில் அப்படியே செய்தேன். ஆன்ட்டிக்கும் இது பழகிய விஷயம். பன்னிரண்டரைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டபோது அவர் முகத்தில் தனியாக ஒரு மலர்ச்சி இருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

விமான நிலையத்தில் ஒரு பெண் என் கைப்பையை எடை மெஷினில் வைக்கச் சொன்னாள். ஏழு கிலோவுக்கு மேல் இருந்தது. "உங்க மெஷின் தப்பு. வீட்ல நான் நிறுத்துப் பார்த்தேன்" என்றேன். பையைச் சரக்கோடு போடலாம் என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். (அந்தச் சிரிப்பைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.) நிச்சயதார்த்தப் புடவையைச் சரக்கோடு அனுப்பிவிட்டு அது கொச்சியில் இறங்கினால் என்ன செய்வது? பையின் மேல் பக்கத்திலிருந்து என் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அதுவும் போதவில்லை. பேண்ட் மேலேயே பட்டு வேட்டியைச் சுற்றிக்கொண்டேன், அங்கவஸ்திரத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். மே மாத டெல்லியில், பாதி மாப்பிள்ளையும் பாதி வக்கீலுமாக ஒரு மனிதன் பாதுகாப்புச் சோதனைக்குள் நுழைந்தான்.

பை ஸ்கேனருக்குள் போனது. ஆனால் வெளியே வந்ததும் என் பக்கம் வராமல் வேறு பக்கம் தள்ளப்பட்டது. மீசை வைத்த ஒரு காவலர் என்னைக் கூப்பிட்டார். பேச்சு இந்தியில் நடந்தது. வரிக்கு வரி இன்னும் நினைவிருக்கிறது.

"இந்தப் பை உங்களுதா?"

"ஆமா."

"நீங்களே அடுக்கினதா?"

"ஆமா."

"அப்ப அடியில் உருண்டையா இருக்கறது என்ன?"

"அப்படி ஒண்ணும் இல்லையே."

அவர் ரவிக்கையை எடுத்தார், மாம்பழப் புடவையை எடுத்தார், அதற்கடியிலிருந்து சிவப்பு நூல் சுற்றிய ஒரு முழுக் கொப்பரைத் தேங்காயை எடுத்து என் முன்னால் வைத்தார். கூடவே ஒரு பெரிய பொட்டலம் உலர்ந்த பேரீச்சம்பழம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. பஞ்சாபிகள் வீட்டில் பெண்ணுக்கு மங்கலச் சீராகக் கொடுப்பது இதைத்தான். தாங்கள் வரத் தாமதமாகும், சீராவது நேரத்துக்குப் போய்ச் சேரட்டும் என்று ஆன்ட்டி எனக்குச் சொல்லாமல் ஆசையாக அடியில் வைத்திருக்கிறார்.

"கொப்பரை விமானத்தில் கூடாது. எண்ணெய், தீப்பிடிக்கும். இது எப்படி வந்தது?"

"வேற யாரோ வெச்சிருக்காங்க."

விமான நிலையத்தில் சொல்லவே கூடாத வாக்கியம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அவர் முகம் மாறியது. "பை உங்க கையை விட்டு எங்கேயாவது போச்சா?"

"காலையிலேர்ந்து எதிர் வீட்ல இருந்தது."

"நீங்க?"

"நான் என் வீட்ல."

"ஏன் அப்படி?"

பரஸ்தானத்துக்கு இந்தி வார்த்தை எனக்குத் தெரியாது. அப்படி ஒன்று இருக்கிறதா என்றே தெரியாது. "சார், பை முதல்ல கிளம்பிடுச்சு. நான் அப்புறம்தான் கிளம்பினேன்" என்றேன்.

"பை தானாவே கிளம்பிச்சா?"

"இல்லே, நான்தான் கொண்டுபோய் வெச்சேன். எனக்கு அப்ப நேரம் சரியில்லே."

"அது தெரியுது" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முழுதும் விளக்கிவிட்டால் விட்டுவிடுவார் என்று ஒரு நப்பாசை. எமகண்டத்தை மொழிபெயர்த்தேன். "வோ யமராஜ் கா டைம் தா" என்றேன்.

விமானத்தில் ஏறப்போகிற ஒருவன், கோட்டுக்குக் கீழே வேட்டி கட்டிக்கொண்டு, பையில் தீப்பிடிக்கும் பொருளை வைத்துக்கொண்டு, இது யமதர்மராஜாவின் நேரம் என்று சொன்னால் எந்த அதிகாரி சும்மா இருப்பார்? மேலதிகாரியைக் கூப்பிட்டார்கள். என் வேட்டியை உதறிப் பார்த்தார்கள். பேரீச்சம்பழத்தை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார்கள். கடைசியில் நானே கெஞ்சி, மேலதிகாரி முன்னால் ஆன்ட்டிக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நடந்ததைக் கேட்டதும் ஆன்ட்டி அவரைப் பிடித்துக்கொண்டார். பெண்ணுக்கு வைத்த சீரை எப்படிப் பிடுங்கி வைக்கலாம், உங்கள் வீட்டில் கல்யாணமே நடந்ததில்லையா என்று கேட்டார். மேலதிகாரியும் பஞ்சாபிதான் போலிருக்கிறது, "நஹீன் ஜி, நஹீன் ஜி" என்று எழுந்தே நின்றுவிட்டார். எனக்குத் தேநீர் கூடச் சொல்வதாக இருந்தார். நான் விமானம் ஏறும் கேட்டை நோக்கி ஓடினேன்.

நான் போன மலிவு விமானம் எதுவும் அதுவரை சொன்ன நேரத்துக்குக் கிளம்பியதே இல்லை. லக்னோவுக்கு ஒரு முறை பாதி நாள் காத்திருந்திருக்கிறேன். அன்றைக்குப் பார்த்து யாருக்கோ ரோஷம் வந்துவிட்டது.

"சார், கேட் மூடியாச்சு" என்றாள் அங்கே நின்ற பெண்.

"விமானம் இங்கதானே நிக்கறது? கண்ணுக்குத் தெரியறதே?"

"நிக்குது சார். ஆனா கேட் மூடியாச்சு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது நின்றது. நான் கத்தினேன், கெஞ்சினேன், தம்பி நிச்சயதார்த்தம் என்றேன். "பொறுமைக்கு நன்றி" என்றாள். நான் எங்கே பொறுமையாக இருந்தேன்? அடுத்த விமானம் மறுநாள்தான் என்றாள். வெறுத்துப்போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். வெளியே போகிற ஆளுக்குத் தடையில்லை என்று கொப்பரையையும் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அங்கிளுக்கு ஃபோன் போட்டேன்; மல்ஹோத்ரா தம்பதி அப்போதுதான் விமான நிலையத்துக்குச் சற்று முன்னால் வரும் தௌலா குவானைத் தாண்டியிருந்தார்கள். ஜெய்ப்பூர் சாலையில் என்னை ஏற்றிக்கொண்டார்கள். அங்கிள் ஏசி போடமாட்டார், வண்டி இழுக்காதாம். ஆன்ட்டி கொப்பரையை என் மடியில் வைத்து, பத்திரமாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். குற்ற உணர்ச்சியில் வழியெல்லாம் எனக்குப் பராத்தா ஊட்டாத குறை. நான் "ஜல்தி" என்ற போதெல்லாம் அங்கிள் ஒரு சாலையோர டாபாவில் நிறுத்தி எஞ்சினை ஆறவைத்தார்.

அம்மா ஃபோன் செய்தாள். "எங்கடா இருக்கே?"

"இப்பதாம்மா மானேசர் தாண்டித்து."

"ஏரோப்ளேன்லேந்து ரோட்டோரத்து மானேசர்லாம் தெரியறதா?"

நடந்ததைச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டாள். ஃபோனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் பாயசம் போய்க்கொண்டிருந்தது. ஏழரைக்குள் முடித்தாக வேண்டும் என்று வாத்தியார் சொல்லிவிட்டாராம். காயத்ரி ஒரு பச்சைப் பட்டில் இருந்தாள். அது எனக்குத் தெரிந்த புடவை. அம்மா அன்றைக்குக் கட்டிக்கொள்ள என்று ஆறு மாதமாகப் பிரிக்காமல் வைத்திருந்தது. பிள்ளை வீட்டுப் புடவை இல்லாமல் பெண் உட்காரக் கூடாது என்று, தன்னுடையதைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டாள். அவள் ரயிலில் கட்டிக்கொண்டு வந்த கசங்கிய காப்பிப்பொடி நிறப் பருத்திப் புடவையில், தன் பிள்ளையின் நிச்சயதார்த்தத்தில், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் காலில் விழலாமா என்று கூடத் தோன்றியது. என் மடியில் கொப்பரை இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை வேறு.

அம்மா என் முகத்தைப் பார்க்காமல் பையை மட்டும் வாங்கிக்கொண்டாள். புடவையை எடுத்துக் காயத்ரி கையில் கொடுத்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னாள். "பை நல்ல நேரத்துல கெளம்பித்து. அதுமேல ஒரு தப்பும் இல்லே. இவனைக் கூட அனுப்பினதுதான் தப்பு."

பந்தியே சிரித்தது. ஆன்ட்டி அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு கடைசியாகச் சிரித்தார், எல்லோரையும்விட அதிகமாக.

இது நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. நிச்சயதார்த்தத்தன்று அம்மா அந்தப் பருத்திப் புடவையில் இருக்கும் புகைப்படத்தைக் காயத்ரி தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். யார் வந்து கேட்டாலும் என் கதையை அவளே சொல்கிறாள், யமராஜ் வரைக்கும். எங்கள் குடும்பத்தில் யார் எங்கே கிளம்பினாலும் இப்போது பரஸ்தானம் உண்டு. பையை யாரும் தொடுவதில்லை, அது உமாவின் காவலில் வீட்டிலேயே இருக்கும். நல்ல நேரம் பார்த்து எதிர் வீட்டில் கொண்டுபோய் உட்கார வைப்பது என்னைத்தான்.